கொல்லைப்புறக் கேள்விகள்: கத்திரி முடிந்தது, ஆடி இன்னும் வரவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்துப் படித்தேன். முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே கேள்விதான்: "செடி வாடுகிறது, என்ன போடலாம்?" அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைகாசிக் கடைசியிலிருந்து ஆனி முடியும் வரை செடிக்கு நாம் எதையும் 'போட' வேண்டியதில்லை. வேரைச் சூட்டிலிருந்து காப்பாற்றி, ஈரத்தைப் பிடித்து வைத்து, ஆடிப்பட்டத்துக்கு மண்ணைத் தயார் செய்தால் போதும். காய் குறைந்தால் குறையட்டும், உயிர் இருந்தால் மழைக்குப் பிறகு தானே தழைக்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் கொல்லையில் ஒவ்வொரு கோடையும் நான் பார்ப்பது இதைத்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

மாடியில் பைகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் வைத்திருக்கிறேன். பங்குனியில் நன்றாகக் காய்த்த தக்காளி இப்போது பூக்கிறது, உதிர்கிறது. இலையும் சுருள்கிறது. உரக்கடையில் டிஏபி போடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா பஞ்சகவ்யம் தெளிக்கச் சொல்கிறார். எதைச் செய்யட்டும் அம்மா?
*வாசகி, கரூர்*

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்மா. உங்கள் ஊர் வெயில் எனக்குத் தெரியும். கோடையில் வானிலை அறிக்கையைத் திறந்தால் கரூர் பரமத்தியின் பெயர் மேலே நிற்கும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியிலும் சூடு இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் பலமிழந்துவிடும். பூ வரும், ஆனால் காய் பிடிக்காது. இதைச் சத்துக் குறைவு என்று நினைத்துத்தான் எல்லோரும் உரத்தைக் கொட்டுகிறார்கள். சூடேறிய பை மண்ணில் ரசாயன உரம் விழுந்தால் உப்பு கூடி வேர் நுனி கருகும். சரியாக மக்காத சாணமும் அப்படித்தான், அது மக்கும்போதே தனியாகச் சூடு கிளப்பும். பஞ்சகவ்யத்தை ஆடியில் புதுத் துளிர் வந்தபிறகு லிட்டருக்கு 30 மில்லி கலந்து சாயங்காலம் தெளியுங்கள், அப்போது அதன் பலன் தெரியும்.

இலை சுருள்வதை நீங்கள் இரண்டு வேளை பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் சுருண்டு, மறுநாள் விடிகாலையில் விரிந்திருந்தால் அது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. கவலைப்பட ஒன்றுமில்லை. விடிகாலையிலும் விரியாமல், கொழுந்து சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல் நோக்கிக் குவிந்திருந்தால் அது இலைச்சுருள் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது, மருந்து கிடையாது. அந்தச் செடியை மட்டும் பிடுங்கி ஒரு சாக்கில் போட்டு அப்புறப்படுத்துங்கள். பாவம் பார்த்து விட்டுவைத்தால் பக்கத்துச் செடிக்கும் போகும். வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை பின்னியது போலத் தெரிந்தால் அதுவும் இதே வெள்ளை ஈயின் வேலைதான்.

அப்புறம், பைகள் எதன் மேல் நிற்கின்றன? நேராகத் தளத்தில் என்றால் இன்றைக்கே செங்கல்லையோ மரச்சட்டத்தையோ கீழே கொடுத்துத் தூக்கி வையுங்கள். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி முழுக்கக் கக்கும், அது நேராக வேருக்குப் போகும். பைகளைத் தனித்தனியாக நிறுத்தாமல் நெருக்கிச் சேர்த்து வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் பையில் விழும். மேற்கு வெயில்தான் கொடியது, அந்தப் பக்கம் பச்சை நிழல்வலை கட்டுங்கள், ஐம்பது சதவீத வலை போதும். வலை வாங்க முடியாவிட்டால் பழைய வெள்ளை நூல் வேட்டியைக் கொடிக்கயிற்றில் கட்டிவிடுங்கள். கீற்றுத் தட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் விஷயம். தென்னைநார்க் கழிவு கலந்த மண் ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. நீங்கள் ஊற்றுவது பை ஓரமாக இறங்கிக் கீழே ஓடிவிடும், நீங்களும் ஊற்றிவிட்ட திருப்தியில் இறங்கி வந்துவிடுவீர்கள், நடுவேர் காய்ந்தே கிடக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் ஒரு சொம்பு ஊற்றி, கால் மணி நேரம் விட்டு இன்னொரு சொம்பு, அப்புறம் மறுபடி. நாலைந்து நாள் இப்படி நனைத்தால் மண் பழைய நிலைக்கு வரும். அதன்பிறகு மேலே காய்ந்த சருகு, வைக்கோல், தேங்காய் மட்டைத் துண்டு எது கிடைக்கிறதோ அதை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மூடாக்கு இல்லாத பைக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி வெயிலுக்கே போய்விடுகிறது.

தக்காளியை இனி காய்க்க வைக்கப் பார்க்காதீர்கள். வயதான செடியானால் எடுத்துவிட்டு ஆனிக் கடைசியில் புது நாற்று போடுங்கள். கத்தரியையும் மிளகாயையும் எடுக்க வேண்டாம். நுனியைக் கிள்ளி, பழுத்த இலையை நீக்கி வைத்திருந்தால் அவை ஆடியில் புதிதாகக் கிளை விடும்.

எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. தொட்டி மண்ணின் மேலே வெள்ளையாகப் படிகிறது. இலை ஓரம் தீய்ந்து போகிறது. கோடை வந்தால் இன்னும் மோசம். ஆர்.ஓ. இயந்திரத்தில் இருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?
*வாசகர், புதுக்கோட்டை*

கூடாது ஐயா, அது இன்னும் உப்பு. குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் சேர்கிறது. வாசல் கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் அப்படியில்லை, அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு இருக்காது. ஒரு வாளி வைத்துப் பிடித்து நாற்றுகளுக்கு விடலாம். அரிசி களைந்த தண்ணீரும் சரி.

உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், செடி வாடுமே என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தெளிக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு மட்டும் மேல் மண்ணில் தங்குகிறது. இரண்டு மூன்று மாதத்தில் அது சேர்ந்து வேர் தண்ணீரை இழுக்கவே முடியாமல் போய்விடும். மண் ஈரமாக இருக்கும், செடி வாடும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், உப்பு இன்னும் கூடும். நீங்கள் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். இடைவெளி விட்டு ஊற்றுங்கள். ஆனால் ஊற்றும்போது தொட்டியின் அடித்துளை வழியாகக் கொஞ்சம் வெளியே ஓடும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். அந்த ஓட்டத்தோடு பழைய உப்பும் கழுவிப் போகும். தொட்டியின் கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், கழுவி வந்த உப்பை வேர் மறுபடி உறிஞ்சக்கூடாது. மேலே படிந்த வெள்ளைப் படலத்தைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, மக்கிய குப்பையும் மண்ணும் கலந்து நிரப்புங்கள். இலை மேல் அந்தத் தண்ணீரைத் தெளிக்கவே வேண்டாம்.

இடையில் ஒரு கோடை மழை பெய்தால் அதை விடாதீர்கள். தாழ்வாரத்தில் இருக்கும் தொட்டிகளை எல்லாம் தூக்கி முற்றத்தில் வையுங்கள், ஒரு நல்ல மழையில் மாதக்கணக்கில் சேர்ந்த உப்பு இறங்கிவிடும். மாடித் தண்ணீரையும் பிடித்து வையுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 900 லிட்டருக்கு மேல் கணக்கு வரும். வழியில் கொஞ்சம் வீணானாலும் ஒரு சின்டெக்ஸ் தொட்டி பெரும்பாலும் நிறைந்துவிடும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், அப்போது கட்டிய குழிகளும் குழாய்களும் எத்தனையோ வீட்டில் அடைத்துக் கிடக்கின்றன. மழைக்கு முன் இந்த ஆனியிலேயே உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து சருகை அள்ளுங்கள்.

எந்தச் செடி தாங்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தென்னை, சப்போட்டா, பெருநெல்லி ஓரளவு தாங்கும். எலுமிச்சையும் பீன்ஸும் தாங்காது, அவற்றோடு போராட வேண்டாம். தரையிலும் உப்பு பூக்கிறது என்றால் ஜிப்சம் போடுவதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துவிடுங்கள். உங்கள் மாவட்டத்தில் வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். எல்லா உப்புக்கும் ஜிப்சம் மருந்தாகாது.

சித்திரையில் அவரை விதை போட்டேன். பந்தல் முழுக்க இலை, அவ்வளவு செழிப்பு. ஒரு பூ கூட இல்லை. மலடாகிவிட்டது, பிடுங்கிப் போடு என்கிறார் என் மாமனார்.
*வாசகி, மணப்பாறை*

பிடுங்காதீர்கள்! உங்கள் மாமனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அது மலடு இல்லை, அதற்குக் காலம் வரவில்லை. நம் நாட்டுப் பந்தல் அவரை, பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். நம் பக்கம் ஆனி மாதத்தில் பகல் கிட்டத்தட்டப் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மார்கழியில் பதினொன்றரை. இந்த ஒன்றேகால் மணி வித்தியாசம் நமக்குத் தெரியாது, அவரைக்குத் தெரியும். நீங்கள் சித்திரையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் அது ஐப்பசி, கார்த்திகையில்தான் பூக்கப்போகிறது. அதனால்தான் பெரியவர்கள் அவரையை ஆடியில் போட்டார்கள். முன்னாடியே போட்டால் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி இலையை மட்டும் வளர்க்க வேண்டும். எனக்கு இந்தச் செடியின் மேல் பெரிய மரியாதை உண்டு. எத்தனை சாணி, எத்தனை தண்ணீர் கொடுத்தாலும் அது தன் நாளுக்குத்தான் பூக்கும்.

இப்போது இருக்கும் கொடியைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய தழையை அதன் காலடியிலேயே மூடாக்காகப் போடுங்கள். சாணம், யூரியா, கடலைப் பிண்ணாக்கு எதுவும் வேண்டாம், போட்டால் இன்னும் இலைதான் வரும். தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி வரை நுனியை அவ்வப்போது கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கக் கிளை பெருகும், அந்தக் கிளைகளில்தான் பூங்கொத்து வரும். பந்தலுக்கு நேர் மேலே தெருவிளக்கு இருந்தால் சொல்லுங்கள், ராத்திரி முழுக்க வெளிச்சம் விழும் பக்கம் பூப்பது தள்ளிப்போகலாம்.

வருஷம் முழுக்க அவரைக்காய் வேண்டும் என்றால் அதற்குக் குத்து அவரை இருக்கிறது. பகல் நீளத்தைப் பார்க்காமல் காய்க்கும்படி தேர்ந்தெடுத்த ரகங்கள் அவை. ருசி என்று கேட்டால் நான் பந்தல் அவரைப் பக்கம்தான். தைப்பொங்கல் கூட்டுக்கு அதுதான் வேண்டும்.

பீர்க்கையும் புடலையும் பூத்துக் குலுங்குகின்றன. பிஞ்சு வந்தாலும் மஞ்சளாகிக் கருகி விழுகிறது. காலையில் பூவைத் தொட்டு மகரந்தம் மாற்றியும் பார்த்தேன்.
*வாசகர், பெரம்பலூர்*

காலையில் செய்ததுதான் காரணம். பீர்க்கு, புடலை, சுரை மூன்றும் சாயங்காலம் பூப்பவை. பொழுது சாயும்போது விரிந்து ராத்திரி விட்டில்களுக்காகக் காத்திருக்கும். புடலையின் நூல் நூலான வெள்ளைப் பூவை விளக்கு வைத்தபிறகு போய்ப் பாருங்கள், பகலில் தெரியாத அழகு அது. காலையில் நீங்கள் தொட்டது முந்தின நாள் பூ. பூசணியும் பாகலும் விடிகாலையில் பூக்கும், அவற்றுக்குத்தான் காலை வேளை.

சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குப் போய், நீளக் காம்போடு இருக்கும் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, அடியில் பிஞ்சு வைத்திருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். ஆனால் ஒன்று, நீள் பகலும் சூடும் சேர்ந்தால் இந்தக் குடும்பத்துக் கொடிகளில் ஆண் பூதான் அதிகம் வரும். அதையும் மீறிப் பெண் பூ கிடைத்தால் சந்தோஷம். ஆடியில் விகிதம் தானே மாறும்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டினால் நெளிகிறது.
*வாசகி, துறையூர்*

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது எச்சம் மாதிரி இருந்து பறவையை ஏமாற்றும், பெரிதானால் பச்சையாகிவிடும். மருந்து வேண்டாம். சிறிய செடியானால் கையால் எடுத்து வேறு மரத்துக்கு மாற்றுங்கள். பெரிய மரமானால் விட்டுவிடுங்கள், நான்கு கிளை இலை போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. கறிவேப்பிலைக்கு நுனியை உடைத்து உடைத்துப் பறிப்பதே பெரிய வைத்தியம். புளித்த மோரைத் தண்ணீர் கலந்து காலில் ஊற்றும் பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு, மாமியார் காலத்திலிருந்து நடக்கிறது.

செம்பருத்தி, பப்பாளி, கொய்யா எல்லாவற்றிலும் வெள்ளையாக மாவுப்பூச்சி. கடையில் கொடுத்த மருந்தை அடித்தால் ஒரு வாரம் அடங்கி மறுபடி வருகிறது.
*வாசகர், திண்டுக்கல்*

மருந்து அடிக்க அடிக்க அது கூடும், ஏன் என்று ஒரு நடந்த விஷயம் சொல்கிறேன். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சியை முதன்முதலாகப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி, இங்கே அதற்கு எதிரி இல்லை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரியான குட்டிக் குளவி இனங்களைக் கொண்டுவந்து, பெருக்கி, ஊர் ஊராக விட்டார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும். அது பரவியபிறகுதான் தோட்டங்கள் பிழைத்தன. இந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்வேன், அவ்வளவு நம்பிக்கை தருவது. நீங்கள் கடுமையான மருந்து அடிக்கும்போது முதலில் சாவது அந்தக் குளவியும் பொறிவண்டும்தான்.

செய்ய வேண்டியது: ரொம்ப மொய்த்திருக்கும் நுனிகளை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். மீதியைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து உதிருங்கள், காலையில் செய்தால் நல்லது. எறும்பு ஏறுவதைப் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கியும் போகும். எறும்புப் புற்றைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறமும் இருந்தால் வேப்பெண்ணெய் 5 மில்லியும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் ஒரு லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்தபிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். முதல் நாள் ஒரே ஒரு கிளையில் தெளித்துப் பார்த்து, இலை கருகவில்லை என்றால் மறுநாள் மற்றவற்றுக்கு.

இன்னொன்று, இப்போது வேப்பம்பழம் உதிரும் காலம். தெருவில் மிதிபட்டுக் கிடக்கிறதே, அதைப் பொறுக்குங்கள். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையை நீக்கி, கொட்டையை நிழலில் காய வைத்து, துணிப்பையிலோ சாக்கிலோ கட்டித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தேவைப்படும்போது ஓட்டை நீக்கிய பருப்பை 50 கிராம் இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வைத்துப் பிழிந்தால் மறுநாள் தெளிக்க மருந்து தயார். ஒரு வருஷத்துக்கு மேல் போன கொட்டைக்கு வீரியம் இருக்காது, அடுத்த ஆனியில் புதிதாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

மல்லிகை பூப்பது குறைந்துவிட்டது. இப்போதே மொட்டையாக வெட்டிவிடலாமா? இலையும் வெளுத்திருக்கிறது.
*வாசகி, மதுரை*

மதுரையிலிருந்து என்னிடம் மல்லிகைக்குக் கேள்வியா! சரி, சொல்கிறேன். இப்போது வெட்டாதீர்கள். குண்டுமல்லிக்கு முழுக் கவாத்து கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு. அப்போது வெட்டினால்தான் மாசி, பங்குனிக்குப் புதுக் கிளையில் மொட்டு வரும். இப்போது பூத்து ஓய்ந்த நுனிகளை ஒரு சாண் நறுக்கினால் போதும், ஆடியில் கொஞ்சம் பூ கிடைக்கும். இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். இலை முழுவதும் மங்கி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செஞ்சிலந்தி, வறண்ட சூட்டில்தான் பெருகும். அதற்கு இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் தண்ணீரால் கழுவிப் பாருங்கள்.

போன வருஷம் ஆடிக்காற்றில் முருங்கை பாதி முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் விழுந்து சண்டையாகிவிட்டது. இந்த வருஷம் என்ன செய்யலாம்?
*வாசகர், முசிறி*

இந்த வாரமே அரிவாளை எடுங்கள். ஆடி வரை காத்திருக்கத் தேவையில்லை, மேல்காற்று ஆனியிலேயே பலமாகிவிடும், காவிரிக்கரையில் இருக்கும் நமக்கு அது நன்றாகத் தெரியும். முருங்கை மரம் வேகமாக வளரும், கட்டை சோடை. காற்றைத் தாங்கும் உரம் அதற்குக் கிடையாது. கோடைக் காய் முடிந்த நேரம் இது என்பதால் வெட்டினால் நஷ்டமும் இல்லை. செடிமுருங்கை என்றால், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் கொடுத்த பி.கே.எம். 1 தான் பெரும்பாலான வீடுகளில் இருப்பது, அதைத் தரையிலிருந்து மூன்றடி விட்டு முழுக்க வெட்டிவிடலாம். நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். மரமுருங்கை என்றால் ஓட்டின் பக்கம் சாயும் பெருங்கிளைகளை மட்டும் கழியுங்கள். ஏறி வெட்ட வேண்டாம், ஏணியையும் கிளையில் சாய்க்க வேண்டாம், நீளத் தொரட்டியைக் கொண்டு கீழே நின்று செய்யுங்கள். வெட்டு வாயில் சாணியை அப்புங்கள், மழைத் தண்ணீர் இறங்கி அழுகாது. கழித்த கிளையில் கை கனத்துக்கு இருப்பதை மூன்றடிப் போத்தாக நறுக்கி நிழலில் நிறுத்தி வைத்தால் மழைக்கு நடலாம். அதில் ஒன்றை அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள்.

வாழை வைத்திருந்தால் குலை தள்ளிய மரத்துக்குக் காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம் முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். பந்தல் கயிறுகளையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், வெயிலில் நைந்திருக்கும். இந்தக் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம், அது சரியில்லை. வெயிலைவிட வேகமாக ஈரத்தை இழுத்துக்கொண்டு போவது இந்தக் காற்றுதான்.

பத்து நாள் மகள் வீட்டுக்குப் போகிறேன். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை.
*வாசகி, லால்குடி*

புதுப் பானை சிறியதாக, மெருகு பூசாதது வாங்கி, செடிகளுக்கு நடுவே கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வையுங்கள். பானை கசியும், வேர் தேடி வந்து குடிக்கும். தொட்டிகளைக் கிழக்குப் பக்க நிழலுக்கு நகர்த்துங்கள், புறப்படும் அன்று காலையில் நன்றாக ஊற்றி மூடாக்கு போடுங்கள். பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டுப் போங்கள், செடிக்குச் செலவு குறையும். ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. கடைசி மூன்று நாளுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

இரண்டு வருஷம் முந்தின வெண்டை, பாகல், கொத்தவரை விதைகள் டப்பாவில் இருக்கின்றன. ஆடிக்கு இவை முளைக்குமா?
*வாசகர், அரியலூர்*

இன்றைக்கே பார்த்துவிடலாம். ஒவ்வொன்றிலும் பத்து விதையை எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். துணி காயக்கூடாது, சொட்டவும் கூடாது. வெண்டை, கொத்தவரைக்கு ஒரு வாரம், பாகலுக்குத் தோல் கெட்டி என்பதால் கொஞ்சம் கூடுதலாக நாள் கொடுங்கள். ஏழெட்டு முளைத்தால் தாராளமாகப் போடலாம். நாலைந்து முளைத்தால் குழிக்கு இரண்டு விதை கூட்டிப் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் புது விதை தேடுங்கள், ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் பட்டத்தைத்தான் தேடச் சொன்னார்கள், பட்டம் வந்தபிறகு விதையைத் தேடி அலைந்தால் நாள் போய்விடும்.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்குக்கு முன் முளைப்பாலிகை போடுவார்கள், நவதானியத்தை மண் பாலிகையில் தெளித்து வளர்த்து அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரியில் கரைப்பார்கள். எந்தத் தானியம் எப்படி முளைத்தது என்று அந்தக் காலத்துப் பெண்கள் உற்றுப் பார்ப்பார்கள். விதைப்புக்கு முன் வீட்டிலிருந்த விதையின் தரம் அதிலேயே தெரிந்துவிடும் என்று என் மாமியார் சொல்வார். நான் இன்றும் பாலிகையில் கொல்லை விதை சிலவற்றையும் சேர்த்தே போடுகிறேன்.

விதைக்கும் குழியை இப்போதே வெட்டி வெயிலில் ஆறப்போடுங்கள். ஆனி முழுக்கக் காய்ந்த குழியில் பூஞ்சணமும் புழுவும் குறையும். ஆடி பிறக்கும்போது மக்கிய சாணமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூடி, ஒரு தண்ணீர் விட்டு வையுங்கள்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளியில் வெண்டை விதை கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய பக்கெட்தான் இருக்கிறது. இப்போது போடலாமா, பாட்டி?
*மாணவி, ஜெயங்கொண்டம்*

போடலாம் கண்ணு. உன் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதினேன். பக்கெட்டின் அடியில் நாலைந்து துளை போட அப்பாவைக் கேள், நீ சூடு கம்பியைத் தொடாதே. துளை மேல் ஓட்டுச்சில்லு வை. மண் இரண்டு பங்கு, மக்கிய குப்பை ஒரு பங்கு, கொஞ்சம் மணல் கலந்து நிரப்பு. விதையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் விரல் நுனி ஆழத்தில் மூன்று இடத்தில் போடு. முளைத்ததும் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தோழிக்குக் கொடு. முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வை. வெண்டை வெயிலுக்கு அஞ்சாது, நாற்று மட்டும்தான் அஞ்சும்.

நாற்பது நாளை ஒட்டிப் பூக்கும். மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, ஒரு நாள்தான் இருக்கும். பூ விழுந்து ஐந்து நாளுக்குள் காயைப் பறித்துவிடு, நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். கடைசியாக வரும் காய்களில் ஒன்றை மட்டும் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டு, வெடிப்பதற்கு முன் எடுத்து விதையைப் பத்திரப்படுத்து. முளைத்ததும் எனக்கு எழுது, எத்தனையாவது நாளில் முதல் இலை விட்டது என்றும் குறித்து அனுப்பு.